மலையை விரலால் காட்டக் கூடாது: நெமாயாவும் குவெனெலும், ஆறு நாள்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்குகிறது. 2016இல் நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த கிழமை எடுத்தது. கறுப்பு அங்கியோடு நான், மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரத்தோடு அம்மா, எங்களுக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு பெரியவரின் சிலை. வன்கூவரில் சட்டத்தரணிகள் சங்கக் கட்டடத்தின் முன்மண்டபத்தில் அந்தச் சிலை அப்போது நின்றது. வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று அதன் முன்னால் நின்று எடுத்தோம்.

2025 ஆவணியில் அம்மா படத்தைத் துடைத்தபடி கேட்டார்: "பிள்ளை, பின்னுக்கு நிக்கிற தாடிக்காரர் ஆர்?"

நீதிபதி மத்தியூ பெக்பி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல் தலைமை நீதியரசர். 1864இல் சில்கோட்டின் என்ற பூர்வகுடி இனத்தின் ஐந்து பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர். நாங்கள் படம் எடுத்த அடுத்த வருடமே, 2017இல், சங்கம் அந்தச் சிலையை அங்கிருந்து அகற்றிவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் அவர் இன்னும் நிற்கிறார்.

அம்மா துணியைக் கீழே வைத்தார். "அந்த ஐஞ்சு பேரின்ரை ஊர் எங்கை கிடக்கு? போகேலாதோ?"

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி. இருந்தும் வெளிக்கிட்டோம், சில்கோட்டின் மக்களின் ஊரான நெமாயாவுக்கும், அந்த ஐந்து பேரைத் தூக்கிலிட்ட குவெனெலுக்கும்.

செப்ரெம்பர் 26, வெள்ளி. சரேயிலிருந்து காஷ் கிறீக்

ஹோப் தாண்டும்வரை விடாத மழை. அதன்பிறகு பிறேசர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் கருங்கல் மலை, மறு பக்கம் ஆறு, நடுவே லொறிகளும் நாங்களும். லிட்டனை மெதுவாகக் கடந்தோம். 2021 ஜூன் கடைசியில் 49.6 பாகை வெயில் எரித்து, மறுநாளே நெருப்பில் போன ஊர். நாலு வருடத்துக்குப் பிறகும் வெறும் காணிகள்தான் அதிகம்.

வழியில் ஒரு பழக்கடையில் பேரிக்காய் ஒரு பை ஆறு டொலர், தக்காளி நாலு டொலர். கடைக்காரப் பெண் அம்மாவின் கையில் இரண்டு பேரிக்காயைக் கூடுதலாக வைத்து அழுத்தினார். காசு வாங்கவில்லை. மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். ஆற்றைப் பார்த்தபடி காருக்குள்ளேயே இருந்து சாப்பிட்டோம்.

அம்மா நித்திரையான பிறகு நான் யோசித்துக்கொண்டு ஓட்டியது ஆறு மணித்தியாலப் பாடம் ஒன்றைப் பற்றி. எங்கள் மாகாணத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணிகள் எல்லாரும் பூர்வகுடிகளின் வரலாறு பற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் முடித்தே ஆகவேண்டும் என்று 2022இல் சங்கம் விதி கொண்டுவந்தது. அது எங்கிருந்து வந்தது என்றால், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகள் பற்றி விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 அறைகூவல்களை விடுத்தது. அதில் 27ஆவது சட்டத்தரணிகளுக்கு. 28ஆவது சட்டக் கல்லூரிகளுக்கு. பூர்வகுடிகளின் வரலாறு, ஒப்பந்தங்கள், அவர்களுடைய சொந்தச் சட்டங்கள் இவற்றைப் படிக்காமல் இனி ஒருவரும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்பது அதன் சாரம்.

நான் அந்தப் பாடத்தை ஓர் இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, சமையலறை மேசையில் இருந்து செய்தேன். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. 1927இல், பூர்வகுடிகளை ஆளக் கனடா வைத்த இந்தியர் சட்டத்தில் 141ஆவது பிரிவைச் சேர்த்தார்கள். பூர்வகுடி ஒருவர் தன் நிலத்துக்காக வழக்காடக் காசு சேர்த்தால் குற்றம். அந்தக் காசை அரசின் அனுமதியில்லாமல் ஒரு சட்டத்தரணி வாங்கினாலும் குற்றம். 1951 வரை, 24 வருடம், இது சட்டமாக இருந்தது. எத்தனையோ அநியாயச் சட்டங்களைப் படித்திருக்கிறேன். சட்டத்தரணியின் கதவைத் தட்டுவதையே குற்றமாக்கிய சட்டத்தை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

காஷ் கிறீக்கில் அறை 134 டொலர். வெந்நீர் நன்றாக வந்தது. அம்மாவின் காலுக்கு அது போதும்.

செப்ரெம்பர் 27, சனி. வில்லியம்ஸ் லேக்

200 கிலோமீற்றர், நல்ல தெரு, சொல்ல அதிகமில்லை. அஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. அம்மா "மஞ்சள் அரைச்சுப் பூசின மாதிரி" என்றார்.

ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றி மட்டும் எழுதவேண்டும். ரிச்மண்டில் வீடு வாங்கியிருக்கும் எங்கள் ஆள் ஒருவர், நல்ல மனிதர், பதற்றத்தோடு கேட்டார்: "அக்கா, எங்கடை வீட்டையும் எடுத்துப்போடுவினமாம், உண்மையோ?" ஆவணி 7ஆம் திகதி, கவிச்சன் என்ற பூர்வகுடி மக்களின் நில வழக்கில் வந்த தீர்ப்பைப் பற்றிய கதை. 513 நாள் விசாரணை நடந்த வழக்கு அது. ரிச்மண்டில் ஒரு பகுதி நிலத்தில் கவிச்சன் மக்களுக்கு உரித்து உண்டு என்று மாகாண உயர் நீதிமன்றம் சொன்னது. தனி ஆட்களின் வீட்டு உறுதிப்பத்திரங்களை இரத்துச் செய்யும்படி அவர்கள் கேட்கவே இல்லை. அரசும் நகரசபையும் வைத்திருக்கும் உறுதிகளைப் பற்றித்தான் கேட்டார்கள். மேன்முறையீடு வருகிறது. இதையெல்லாம் கார் நிறுத்திவைத்து இருபது நிமிடம் சொன்னேன்.

அவர் பயந்ததில் எனக்குக் கோபமில்லை. காணி போன அனுபவம் உள்ளவர்கள் நாங்கள். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை விட்டுவந்த குடும்பம் அவருடையது. அதனால்தான் கடைசியில் அவரிடம் கேட்டேன்: "தம்பி, உங்கடை மயிலிட்டிக் காணிக்கு ஆரோ ஒராள் 150 வருசம் கழிச்சு உறுதி வைச்சிருந்தா, அது அவற்றை காணி ஆகிடுமோ?" அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அக்கா, நான் இதை இப்பிடி யோசிக்கேல்லை" என்றார்.

சட்டத்தரணிக்கு நல்லிணக்கத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள சின்னப் பதில் இது. பயந்து கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். பயத்தை விற்று வழக்குப் பிடிக்கக் கூடாது.

செப்ரெம்பர் 28, ஞாயிறு. நெமாயா

காலை ஏழு மணிக்குக் கண்ணாடியில் உறைபனி. பெற்றோல் நிரப்பினேன், லீற்றர் 1.69. அதற்கப்பால் எங்கே கிடைக்கும் என்று நிச்சயமில்லை என்பதால் விளிம்புவரை நிரப்பினேன். பெரிய போத்தலில் தண்ணீர், அம்மாவின் தேத்தண்ணிப் பிளாஸ்க், ஒரு டப்பா பருத்தித்துறை வடை.

இருபதாம் இலக்க நெடுஞ்சாலை பிறேசர் ஆற்றில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுகரையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறி முடித்ததும் மரமில்லாத புல்வெளி, வானம்வரை. 90 கிலோமீற்றரில் லீஸ் கோனர். அங்கே இருந்த பழைய கடை 2017 காட்டுத்தீயில் போய்விட்டது. அங்கே இடப்பக்கம் திரும்பினால் தார் முடிகிறது. இன்னும் 100 கிலோமீற்றர் கல் தெரு.

ஏறத்தாழ நாற்பதாவது கிலோமீற்றரில் பின்சில்லில் டப்பென்று சத்தம். ரயர் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. தொலைபேசிக்கு அலை இல்லை. மாற்றுச் சில்லை வெளியே எடுத்துவிட்டேன், ஆனால் ஒரு நட்டுத் துருப்பிடித்து அசையவில்லை. மேலே ஏறி நின்று மிதித்தும் பார்த்தேன். அம்மா தெருவோரக் கல்லில் இருந்து "முருகா" என்றார்.

அரை மணித்தியாலத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெடியன், பக்கத்தில் அவனுடைய பாட்டி. அவன் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி, தன் வண்டியிலிருந்து நீட்டுக் குழாய் ஒன்றை எடுத்துச் சாவியில் மாட்டி, ஒரே இழுவையில் நட்டைக் கழற்றினான். நாற்பது டொலரை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அம்மா வடை டப்பாவைத் திறந்து பாட்டியிடம் நீட்டினார். அதை மறுக்கவில்லை.

பாட்டி ஒரு வடையை முழுதாக மென்று முடித்து, தன் மொழியில் ஏதோ சொன்னார். பேரன் மொழிபெயர்த்தான்: "கடினமாக இருக்கிறது, ஆனால் நிறுத்த முடியவில்லை என்கிறார்." பிறகு அவர் இருக்கைக்குக் கீழிருந்து ஒரு பொதியை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். காயவைத்த சல்மன் மீன், கத்தியால் கீறுகீறாக வெட்டி, செக்கச்செவேலென்று. அம்மா மோந்து பார்த்தார். "எங்கடை கட்டாக் கருவாடுதான். உப்பு மட்டும் குறைவு." இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவன் தன் மொழியில் சொல்ல, பாட்டி சிரித்தார். நாலு பேர், மூன்று மொழி, கல் தெருவின் நடுவே. போன வருடம் சில்கோட்டின் ஆற்றில் மலை சரிந்து விழுந்து, ஆறு கொஞ்ச நாள் அடைபட்டு, பிறகு உடைத்துக்கொண்டு போனதைச் சொன்னான். மீன் திரும்ப வருமோ என்று ஊரே ஏங்கியதாம். அம்மாவின் மடியில் இருந்த பொதியின் பெறுமதி அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

மேகம் விலகி, தெற்கே ஒரு பெரிய வெள்ளை மலை தெரிந்தது. "அங்கை பார் பிள்ளை!" என்று அம்மா விரலை நீட்டினார். பாட்டி மெதுவாக அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினார்.

"அவர் சைலோஸ்," என்றான் பேரன். "அவரை விரலால் காட்டக் கூடாது. காலநிலை கெட்டுவிடும்."

அம்மாவுக்கு இதில் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. "ஓம் ஓம், பூசணிப் பிஞ்சை விரல் காட்டினா அழுகிடும், அதைப்போல" என்றார். விரல் நீட்டிவிட்டால் அதைக் கடித்து எடுக்கவேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பரிகாரம். அம்மா தன் விரலை இலேசாகக் கடித்துக் காட்டினார். பாட்டி கவனமாகப் பார்த்தார்.

நெமாயாவுக்கு இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நீள ஏரி, அதைச் சுற்றி வீடுகள், வேலிக்குள் குதிரைகள், வேலிக்கு வெளியேயும் குதிரைகள். நான் பார்க்க வந்தது அங்குள்ள பாடசாலையை. ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. தெருவில் நின்று பார்த்தேன்.

அந்தப் பாடசாலையில் மாகாண உயர் நீதிமன்றம் கூடியது. சில்கோட்டின் மக்களில் ஒரு பிரிவான ஹெனி குவெதின் சமூகத்தின் தலைவர் ரோஜர் வில்லியம் பெயரில் வந்த நில உரித்து வழக்கை 2002இலிருந்து 339 நாள் கேட்டவர் நீதியரசர் டேவிட் விக்கர்ஸ். விக்ரோறியா நகரிலேயே இருந்து கேட்டு முடித்திருக்கலாம். ஆனால் அவர் நீதிமன்றத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் கல் தெருவால் வந்தார். முதியவர்கள் தங்கள் மொழியில் சாட்சி சொன்னார்கள். எந்தச் சரிவில் கிழங்கு தோண்டினார்கள், எந்த ஏரிக்கு எந்த மாதம் போவார்கள், பாட்டன் எந்த வழியால் குதிரை ஓட்டினார். ஒவ்வொன்றும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகப் பதிவேட்டுக்குள் போனது.

2007இல் விக்கர்ஸ் எழுதிய தீர்ப்பு 450 பக்கத்துக்கு மேல். வழக்குத் தொடுக்கப்பட்ட விதம் காரணமாக உரித்தை அவரால் பிரகடனம் செய்ய முடியவில்லை. ஆனால் உரித்து எங்கெல்லாம் நிரூபிக்கப்பட்டது என்று தன் கருத்தை வரைபடத்தோடு எழுதிவைத்தார். 2012இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சுருக்கியது. குடியிருந்த இடம், மீன் பிடித்த பாறை என்று தனித்தனிப் புள்ளிகளுக்குத்தான் உரித்து இருக்கமுடியும் என்றது. 2014 ஜூன் 26இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்த மக்களுக்கு அந்தப் பரப்பு முழுவதும் வீடுதான் என்றது. சுமார் 1,750 சதுர கிலோமீற்றர். கனடாவில் ஒரு நீதிமன்றம் பூர்வகுடி உரித்தை நேரே பிரகடனம் செய்தது அதுதான் முதல் தடவை. விக்கர்ஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை. 2009இல் காலமாகிவிட்டார்.

சட்டக் கல்லூரியில் இந்தத் தீர்ப்பைப் பந்தி பந்தியாகப் படித்தேன். "பரப்பு முழுவதும்" என்றால் என்னவென்று ரயர் கிழிந்து தெருவோரம் நின்ற அரை மணித்தியாலத்தில்தான் உடம்புக்குத் தெரிந்தது. ஒரு கட்டடம் கண்ணில் படாத இடம் அது. ஆனால் அந்தப் பாட்டிக்கு அங்கே பெயரில்லாத மேடு ஒன்றுகூட இல்லை.

இரவு மரக் குடிசையில், 140 டொலர். விறகடுப்பு. அம்மா சல்மனைத் தணலில் வாட்டி, கொண்டுவந்த சோற்றோடு பிசைந்து எனக்கு ஒரு உருண்டை தந்தார்.

செப்ரெம்பர் 29, திங்கள். திரும்பவும் வில்லியம்ஸ் லேக்

விடிய மழை. "நான் விரல் காட்டினதாலைதான்" என்று அம்மா உறுதியாகச் சொன்னார். சேற்றில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். புது ரயர் 238 டொலர், வரி தனி.

ரயர் கடையில் காத்திருந்தபோது அம்மா கேட்டார்: "எல்லா நீதிபதியும் அப்பிடி வந்து கேக்கிறவையோ?"

இல்லை. டெல்கமுக் வழக்கு என்று ஒன்று. கிற்க்சான், வெட்சுவெட்டன் மக்கள் 58,000 சதுர கிலோமீற்றருக்குத் தொடுத்தது. 1987இல் தொடங்கி 374 நாள். அந்த மக்களின் சட்டம் பாட்டில் இருக்கிறது. ஒரு குடிக்கு ஒரு நிலம் எப்படிச் சொந்தமானது என்பதை அந்தக் குடியின் பாட்டுச் சொல்லும். மேரி ஜோன்சன் என்ற மூதாட்டி, ஒரு தலைவி, சாட்சிக் கூண்டில் அந்தப் பாட்டைப் பாட ஆயத்தமானார். தலைமை நீதியரசர் மக்கீக்கன் தடுத்தார். தனக்குத் தகரக் காது, பாட்டு ஏறாது, பாடிப் பிரயோசனமில்லை என்றார். அவர் 1991இல் வழக்கைத் தள்ளினார். 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கி, வாய்வழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணத்துக்குச் சமமான இடம் கொடுக்கவேண்டும் என்று சொன்னது.

அம்மா கேட்டார்: "அப்ப அந்த மனிசி பாடினவவோ?"

பாடினார். நீதிபதி விரும்பாமலே கேட்டார். அது பதிவில் இருக்கிறது.

செப்ரெம்பர் 30, செவ்வாய். செம்மஞ்சள் நாள்

இன்று உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். இந்த ஊரில் இருந்துதான் செம்மஞ்சள் சேர்ட் நாள் தொடங்கியது. பிலிஸ் வெப்ஸ்ராட் ஆறு வயதில், 1973இல், பாட்டி வாங்கிக் கொடுத்த புது செம்மஞ்சள் சேர்ட்டோடு செயின்ற் ஜோசப் மிஷன் வதிவிடப் பாடசாலைக்குப் போனார். முதல் நாளே கழற்றி எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுக்கவில்லை. 2013இல் அவர் அதை இந்த ஊரில் எழுந்து சொன்னார்.

காலையில் ரிம் ஹோர்ட்டன்ஸில் வரிசையில் நின்ற பாதிப்பேர் செம்மஞ்சள். அம்மாவிடம் அந்த நிறத்தில் சேர்ட் இல்லை, காவி கலந்த ஒரு சால்வை இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு வந்தார். முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, சால்வையைத் தொட்டு, அம்மாவின் கோப்பிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நல்லிணக்கம் என்ற சொல் எனக்கு இலகுவாக வாயில் வருவதில்லை. 2010இல் கொழும்பில் கற்றுக்கொண்ட பாடங்கள், நல்லிணக்க ஆணைக்குழு வைத்தார்கள். காணாமல்போன பிள்ளைகளின் படத்தோடு தாய்மார் வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். அந்தத் தாய்மார் பலர் இன்னும் தெருவோரக் கொட்டிலில் இருக்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் நான் முதலில் பார்ப்பது, அதற்கு முன்னால் உண்மை என்ற சொல் இருக்கிறதா என்றுதான். இங்கே இருக்கிறது. கனடா ஆணைக்குழுவின் தலைவர் மறே சின்கிளயர் தானே ஒரு பூர்வகுடி, மனிற்றோபாவின் முதல் பூர்வகுடி நீதிபதி. போன வருடம் காலமானார். முதலில் உண்மை, அதன் பிறகுதான் மற்றது என்பதில் அவர் கடைசிவரை பிடியாக இருந்தார்.

அந்த உண்மையில் எங்கள் தொழிலின் பங்கும் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். வதிவிடப் பாடசாலைகளில் துன்புறுத்தப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு விசாரணையில் 38,000 பேருக்கு மேல் முறையிட்டார்கள். சட்டத்தரணியின் கட்டணத்துக்கென்று இழப்பீட்டின் 15 வீதத்தை அரசு தனியாகக் கொடுத்தது. அதற்கு மேலும் 15 வீதம்வரை பாதிக்கப்பட்டவரிடம் வாங்க இடம் இருந்தது. அந்த எல்லையையும் மீறி, படிவம் நிரப்பியதற்கு, கடன் ஒழுங்கு செய்ததற்கு என்று கைவைத்தவர்கள் இருந்தார்கள். சிலர் தொழிலை இழந்தார்கள். ஒரு குழந்தைக்கு நடந்ததை அறுபது வயதில் முதன்முதலாக வாய்திறந்து சொன்ன மனிதரின் காசு அது. ஆறு மணித்தியாலப் பாடத்தில் இந்தப் பகுதியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

ஒக்ரோபர் 1, புதன். குவெனெல்

120 கிலோமீற்றர் வடக்கே. மழை விட்டிருந்தது, குளிர். குவெனெலில் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அதன் வளவுக்குள்தான் ஐந்து பேரையும் தூக்கிலிட்ட இடம், ஒரு நினைவுப் பலகையோடு. வாகனத் தரிப்பிடத்துக்கு மூன்று டொலர் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தாதிமார் வேலை மாறும் நேரம். ஒருவர் அம்மாவை நோயாளி என்று நினைத்துச் சக்கர நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

1864இல் நடந்தது இது. இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் பெரியம்மை நோய் வந்து ஊர் ஊராகச் செத்திருந்தார்கள். பியூட் கடற்காயலிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு சில்கோட்டின் நிலத்தினூடாகத் தெருப் போட, கேட்காமல், ஆட்கள் வந்தார்கள். அம்மையை மறுபடி அனுப்புவோம் என்ற மிரட்டல் வந்தது என்பது சில்கோட்டின் மக்கள் சொல்லிவரும் வரலாறு. லட்சாசின் என்ற போர்த்தலைவரும் அவருடைய ஆட்களும் தெருப் போட்டவர்களைத் தாக்கினார்கள். மொத்தம் இருபது பேரளவில் செத்தார்கள். படை அனுப்பினார்கள், பிடிக்க முடியவில்லை. பிறகு புகையிலை அனுப்பினார்கள். புகையிலை வந்தால் பேச்சுக்கு அழைப்பு என்று அர்த்தம், அது சத்தியம். ஆவணியில் லட்சாசினும் கூட வந்தவர்களும் பேச வந்தார்கள். வந்த இடத்தில் விலங்கு மாட்டினார்கள்.

பெக்பி விசாரித்தார். புகையிலை விசயம் அவருக்குத் தெரியும். உறுத்தியதாக அவரே ஆளுநருக்கு எழுதினார். உறுத்தலோடு தண்டனையைக் கொடுத்தார். ஒக்ரோபர் 26இல் ஐந்து பேரை ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். லட்சாசின், பியெல், திலாகெட், தாகெட், சேசஸ். அடுத்த வருடம் நியூ வெஸ்ற்மினிஸ்ரரில் ஆறாவது ஆள், ஆஹான்.

2014இல் மாகாணம் மன்னிப்புக் கேட்டது. 2018 மார்ச் 26இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று சொன்னார். அவைக்குள் நின்ற இன்றைய தலைவர்கள் தங்கள் கறுப்பு மேலங்கியைக் கழற்றி, உள்ளிருந்த சிவப்புப் பக்கம் வெளியே தெரிய மறுபடி போட்டுக்கொண்டார்கள். அந்தக் காணொளியை நான் வேலையிடத்தில் கதவைச் சாத்திவைத்துப் பார்த்தேன்.

அம்மா பலகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நிலம் ஈரம். "போடுங்கோ அம்மா, குளிர்" என்றேன், கேட்கவில்லை.

"அவர் என்ன சொன்னவராம்? சாகேக்கை?"

லட்சாசின் சிறையில் சொன்னதாகப் பதிவான ஒரு வாக்கியம் இருக்கிறது. தமிழில் சொன்னேன்: "நாங்கள் செய்தது போர். கொலை இல்லை."

சொன்னதும் என் தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்று எழுதவேண்டும். 2010இல் சன் சீ கப்பலில் தமிழ் அகதிகள் 492 பேர் இந்த மாகாணக் கரைக்கு வந்தபோது நான் சட்டத்தரணி இல்லை. தடுப்புக் காவல் விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். ஒரு நாள், ஒரு தகப்பன் சொன்னார்: "இயக்கம் வந்து சோறு கேட்டது. குடுத்தம்." நான் அந்தக் "குடுத்தம்" என்பதற்கு, "ஆதரவு கொடுத்தோம்" என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டேன். களைப்பு. ஐந்தாவது மணித்தியாலம். எதிரே இருந்தவரின் பேனை உடனே ஓடியது. துப்பாக்கியோடு வாசலில் நிற்பவனுக்குச் சோறு போடுவது ஒன்று, ஆதரவு கொடுப்பது வேறு. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் காலையில் எழுந்து நின்று என் பிழையைச் சொல்லித் திருத்தினேன். திருத்தம் பதிவானது. ஆனால் அந்த ஓர் இரவு அந்த மனிதர் என் சொல்லுக்குள் படுத்திருந்தார். சட்டம் படிக்கவேண்டும் என்று நான் முடிவெடுத்தது அதன் பிறகுதான்.

போர் என்றால் பேச்சு, சமாதானம், கைதிக்கு ஒரு மரியாதை. கொலை என்றால் கயிறு. லட்சாசின் போர் என்றார், நீதிமன்றம் கொலை என்று எழுதிக்கொண்டது. அந்தச் சொல்லைத் திருத்த 154 வருடம் எடுத்தது. ஒருவர் தன் வாயால் சொன்ன பெயரை மாற்றாமல் கேட்பதும், மாற்றிவிட்டால் எழுந்து நின்று திருத்துவதும் எங்கள் தொழிலின் வேலை. அதை நான் இந்தப் பயணத்துக்கு முன்பும் நம்பினேன். இப்போது ஐந்து பேர் நின்ற நிலத்தில் நின்று நம்புகிறேன்.

அம்மா சால்வைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். நெமாயாப் பாட்டி தந்த சல்மனில் கடைசித் துண்டு. பலகைக்குக் கீழே, புல்லின் மேல் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

கார்வரை ஒன்றும் பேசவில்லை. பட்டியைப் போட்டபிறகு கேட்டார்: "அந்த மனிசன் தன்ரை பாசையிலைதானே சொல்லியிருப்பார். ஆர் பிள்ளை அதை மாத்திச் சொன்னது? அவருக்குச் சரியாத் தெரிஞ்சிருக்குமோ?"

நான் காரைக் கிளப்பினேன். வீட்டுக்கு 660 கிலோமீற்றர். நூறாவது மைல் ஊர் தாண்டும்போது அம்மா, படத்தைக் கழற்ற வேண்டாம், அதன் கீழே அந்த ஐந்து பேரின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டு என்றார். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராக அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.